உன் அம்மாவின் கணக்கில் நுழைந்தது நான்தான்

ரூபன்,

வியாழக்கிழமை மதியம் உன் போனுக்கு ஓர் எச்சரிக்கை வந்திருக்கும். உன் அம்மாவின் கணக்கில் யாரோ ஒரு புதிய கணினியிலிருந்து நுழைந்திருக்கிறார்கள், இடம் சென்னை, இது உங்களுக்குத் தெரியாமல் நடந்திருந்தால் உடனே நடவடிக்கை எடுங்கள் என்று. டப்ளினில் அப்போது உனக்குக் காலை. ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் பதறிப்போய் என்னை நான்கு முறை கூப்பிட்டாய். நான் எடுக்கவில்லை. கை வேலையாக இருந்தது. திருடன் யாரும் வரவில்லை. கணக்கு என்னுடையது, நுழைந்ததும் நான்தான். நீ மாற்றி வைத்த கடவுச்சொல்லை மறுபடி மாற்றியதும், என் போனில் நீ போட்டுவிட்டுப் போன பூட்டைக் கழற்றியதும் நான்தான்.

இதை உனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். வாட்ஸப்பில் எழுதினால் முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிடுவாய். அதோடு, நீ செய்ததும் தனியாகச் செய்ததில்லை. நீ லீவு முடிந்து டப்ளினுக்குக் கிளம்பிய நாள், சாந்தோம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உன் சித்தப்பா குடும்பம், அத்தை குடும்பம் எல்லோரும் வஞ்சிர வறுவலோடு உட்கார்ந்திருக்கும்போது செய்தாய். "அம்மா, போனக் குடு, கொஞ்சம் செட் பண்ணித் தரேன்" என்றாய். பாயசம் வருவதற்குள் திருப்பிக் கொடுத்தாய். திரையில் ஐந்தே ஐந்து செயலிப் படங்கள் இருந்தன. பேச, குறுஞ்செய்தி பார்க்க, உன்னை வீடியோவில் பார்க்க, புகைப்படம் பார்க்க, ஞாயிறு பூசை பார்க்க. மற்ற எல்லாம் போய்விட்டிருந்தன. பிரவுசர் போய்விட்டிருந்தது. "எங்கடா?" என்று கேட்டேன். "இது போதும்மா. உனக்கு வேற என்ன வேணும்?" என்றாய். உன் சித்தப்பா மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "பெரியம்மாவுக்கு கிட்ஸ் மோடா!" என்று சிரித்தான். நீயும் சிரித்தாய். அதனால்தான் எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். இன்னும் எத்தனை வீட்டு மேசைகளில் எத்தனை போன்கள் இப்படிக் கைமாறுகின்றனவோ, அந்த மகன்களும் மகள்களும் படிக்கட்டும்.

காரணம் உன்னிடம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் மின்சார வாரியம் என்று பெயர் போட்டு ஒரு போலிச் செய்தி வந்தது, இன்றைக்குள் இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று. அவசரத்தில் அதிலிருந்த இணைப்பைத் தொட்டுவிட்டேன். தொட்ட மறு நிமிடம் அதே மிரட்டல் என் பெயரில் என் போனிலிருந்த எல்லோருக்கும் போனது. உன் ஸ்டெல்லா அத்தை எமர்ஜென்சி விளக்குக்கு சார்ஜ் போட்டாள். பங்குச் சாமியார் போன் செய்து, "ஏம்மா, கோயில் கரண்டையும் நீங்கதான் கட் பண்றீங்களா?" என்று கேட்டார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று மாலைக்குள் ஒவ்வொருவரையும் நானே கூப்பிட்டு, தொடாதீர்கள் என்று சொன்னேன். யாருக்கும் ஒரு பைசா போகவில்லை. என் தப்பை நானே துடைத்தேன். நீ அதைக் கேள்விப்பட்டது ஒரு வாரம் கழித்து, அதுவும் நான் சொல்லித்தான்.

உனக்குத் தெரியாத, அல்லது தெரிந்தும் மறந்துவிட்ட ஒரு கதையை இப்போது சொல்லப்போகிறேன். நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது நடந்தது. நம் வீட்டில் எல்லோரும் டீச்சர்கள். என் அம்மா டீச்சர், என் அக்கா டீச்சர், உன் அப்பா தமிழாசிரியர். நான் ஒருத்திதான் பியூசியில் கணக்கில் தோற்று, மயிலாப்பூர் குளத்துப் பக்கம் ஒரு மாடியில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, தி.நகரில் ஒரு பட்டுச் சேலைக் கடையின் மாடி ஆபீசில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தவள். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கும் குடும்பத்தில் எனக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் முதலாளி மட்டும், சாந்தோமிலிருந்து வருகிற கிறிஸ்தவப் பெண் என்றால் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்து, என்னைக் கடைசிவரை "டீச்சர்" என்றே கூப்பிட்டார். நான் திருத்தவில்லை. அப்படிக் கூப்பிட ஒருவராவது இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் கல்யாணத்துக்குச் சேலை கேட்டு ஈமெயில் அனுப்புகிறார்கள், பக்கத்துக் கடையில் வைத்துவிட்டார்கள், நாமும் இண்டர்நெட் வைக்க வேண்டும் என்று முதலாளியின் மாப்பிள்ளை சொன்னார். அவர் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவர். மாடியில் கண்ணாடி அறை கட்டி, ஏசி வைத்து, கம்ப்யூட்டரை உள்ளே வைத்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசி பட்டால் கெட்டுவிடும் என்பார்கள், ஆனால் எனக்கு அது கருவறை மாதிரிதான் தோன்றியது. திரைக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மோடத்துக்கு ஒரு முழம் பூச் சுற்றி, ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்கு நல்ல நேரம் பார்த்து முதல் இணைப்பு என்று ஏற்பாடு. மாப்பிள்ளை டயல் செய்தார். மோடம் கீச்சிட்டது, இழுத்தது, நின்றது. என்கேஜ்டு. மறுபடி டயல், மறுபடி என்கேஜ்டு. பன்னிரண்டு அடித்ததும் முதலாளி, "ராவு காலம் வந்திட்டு மாப்பிள்ள. இனி தொட வேண்டாம், நாளைக்குப் பாத்துக்கிடுவோம்" என்று சொல்லி எல்லோரையும் கேசரி சாப்பிடக் கீழே கூட்டிக்கொண்டு போனார். கற்பூரத் தட்டை எடுத்து வைக்க என்னை விட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு மணி நேரமாக மாப்பிள்ளை எந்தப் பொத்தானை அழுத்துகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தட்டைக் கீழே வைத்தேன், அதை அழுத்தினேன். முதல் தடவையிலேயே இணைந்தது. பிரவுசரின் வலது மூலையில் ஒரு பெரிய எழுத்து, அதன் மேல் நட்சத்திரங்கள் விழுந்துகொண்டிருந்தன. அவை விழுந்துகொண்டிருந்தால் பக்கம் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள், நின்றுவிட்டால் வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். அன்றைக்கு எனக்கு எந்தப் பொருளும் தெரியாது. நட்சத்திரம் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கீழே போய் கேசரி சாப்பிட்டேன். மறுநாள் நல்ல நேரத்தில் மாப்பிள்ளை இணைத்தார், எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அந்தக் கடையில் இண்டர்நெட் முதலில் வந்தது ராகு காலத்தில், ஒரு டைப்பிஸ்ட்டின் கையால் என்பதை முதலாளியிடம் நான் சொன்னதேயில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் கடிதம் அடிக்க எனக்கு அனுமதி இருந்தது. பிரவுசருக்கு இல்லை. "அக்கா, அந்த நட்சத்திரம் போட்டதத் தொடாதீங்க. அது உங்களுக்கு எதுக்கு?" என்றார் மாப்பிள்ளை. அவர் மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, படுத்து எழுந்து மூன்று மணிக்குத்தான் வருவார். அந்த நேரம் என்னுடையது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்வேன். அப்போது நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைக் கேள். பக்கம் முழுக்க நீல நிறத்தில் அடிக்கோடு போட்ட சொற்கள் இருக்கும். தட்டச்சில் அடிக்கோடு போட, சொல்லை அடித்துவிட்டு, மெசினைப் பின்னுக்குத் தள்ளி, அதன் அடியில் மறுபடி கோடு அடிக்க வேண்டும். அவ்வளவு மெனக்கெட்டால் அந்தச் சொல் முக்கியம் என்று அர்த்தம். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். முக்கியமான சொற்களை அழுத்தமாகப் படித்தேன், மற்றதை மேலோட்டமாகப் படித்தேன், பக்கம் முடிந்ததும் மூடினேன். இரண்டு வாரம் இப்படி! உலகமெல்லாம் பேசும் இண்டர்நெட் என்பது ஒரே ஒரு பக்கம் ஓடுகிற நோட்டீஸ், இதற்கா இத்தனை சந்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சேலைத் தலைப்பு மவுசில் சிக்கி, எடுக்கப் போன கை அடிக்கோட்டின் மேல் அழுத்திவிட்டது. நட்சத்திரம் விழ ஆரம்பித்தது. வேறொரு பக்கம் வந்தது. அதிலும் அடிக்கோடுகள். அழுத்தினேன், இன்னொரு பக்கம். மூன்று மணிக்கு மாப்பிள்ளையின் செருப்புச் சத்தம் கேட்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தேன் ரூபன்.

பிறகு உதவிப் பக்கங்களைத் தேடிப் பிடித்தேன். அவற்றைச் சுருக்கெழுத்தில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். மாப்பிள்ளை ஒருமுறை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, கோழி கிண்டின மாதிரி இருக்கு" என்றார். பின்னால் போவது எப்படி, போன பக்கத்தைக் குறித்து வைப்பது எப்படி, படம் வராமல் எழுத்தை மட்டும் வரவழைப்பது எப்படி, எல்லாம் அந்தக் கோழிக் கிறுக்கலில் இருந்தது. ஒரு நாள் காலை டொராண்டோவிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் ஈமெயில் அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளை நிதானமாகத்தான் பதில் போடுவார், மூன்று நாள் ஆகும். எனக்குப் பொறுக்கவில்லை. கீழே கடையில் காலையில் முதலில் வருகிற வாடிக்கையாளரை வெறும் கையோடு அனுப்பமாட்டார்கள், போணி என்பார்கள், ஒரு கைக்குட்டையாவது விற்றுவிடுவார்கள். மாடியில் வருகிற முதல் கடிதம் மட்டும் போணி இல்லையா? உட்கார்ந்து பதில் எழுதினேன். சேலைகளின் நிறங்களை ஒவ்வொன்றாக எழுதினேன், மாம்பழ மஞ்சள், அரக்கு, கிளிப்பச்சை என்று. மொத்தக் கல்யாணத்துக்கும் எங்கள் கடையிலேயே எடுத்தார்கள். தன்னைக் கேட்காமல் எப்படி எழுதலாம் என்று மாப்பிள்ளை குதித்தார். முதலாளி மட்டும், "யாரு எழுதினா என்ன, போணி ஆயிட்டுல்லா? இனி டீச்சரே பாக்கட்டும்" என்றார். நாற்காலி எனக்கு வந்தது.

இப்போது சொல்லப்போவதை உன் அப்பாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. மாடியில் இருந்தது ஒரே போன் லைன். இண்டர்நெட் ஓடும்போது போன் வராது. அது முதலாளியின் சொந்த லைன், ஊரில் அவர் வீட்டாருக்குத் தெரிந்த ஒரே எண். பிரவுசரை மூடும்போது ஒரு சின்னப் பெட்டி வந்து, இணைப்பைத் துண்டிக்கவா, அப்படியே இருக்கட்டுமா என்று கேட்கும். புனித வெள்ளி அன்று மூன்று மணி வழிபாட்டுக்குப் போகும் அவசரத்தில் அந்தப் பெட்டியைப் படிக்காமல் அழுத்திவிட்டு, திரைக்கு உறையைப் போட்டுவிட்டு ஓடினேன். லைன் துண்டிக்கப்படவில்லை. மாலை வரை என்கேஜ்டு. அந்த நேரத்தில்தான், மதியம் இரண்டு மணிக்கு, ஊரில் முதலாளியின் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. கூப்பிட்டார்கள், கூப்பிட்டார்கள், கிடைக்கவில்லை. ஆறு மணிக்கு யாரோ பக்கத்துக் கடை எண்ணைத் தேடிப் பிடித்துச் சொன்னார்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது அம்மா இல்லை. இரண்டு மணிக்கே தெரிந்திருந்தால் பார்த்திருப்பாரா? தெரியாது. எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், தெரியாது.

காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு வந்தார். என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், நான் ஒங்களச் சொல்லல. அவ விதி. ஆனா இனி அந்த மெசின்ல நீங்க இருக்க வேண்டாம்" என்றார். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை, "நான் அப்பவே சொன்னேன்ல மாமா? தெரியாதவங்க கையில குடுத்தா இப்படித்தான்" என்றார். பழைய தட்டச்சு மெசினுக்கே திரும்பிப் போனேன். நாலு மாதம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அடித்தேன்.

ஆடித் தள்ளுபடி வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து சேலை மூட்டைகள் வர வேண்டும். ஆடிக் கூட்டத்தில் லாரியை எந்தப் பக்கம் கொண்டுவருவது என்று கேட்க லாரிக்காரர் வழியில் நின்றுகொண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், லைன் கிடைக்கவில்லை, மூட்டையைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார். மாப்பிள்ளை காலையில் பிரவுசரை மூடிவிட்டு இணைப்பைத் துண்டிக்க மறந்து வெளியே போயிருந்தார். அதே பெட்டி, அதே தப்பு. கீழே ஆடிக் கூட்டம் காலி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. முதலாளி மேலே வந்தார். நான் தட்டச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். "சரி விடுங்க மாப்பிள்ள. மறதிதான, யாருக்கும் வரும்" என்றார்.

எழுந்தேன். செருப்பைக் கழற்றினேன். நாலு மாதத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் போனேன். "முதலாளி, ஒண்ணு கேக்கலாமா?" என்றேன். "அவர் செஞ்சா மறதி. நான் செஞ்சா தெரியாத்தனமா?" முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. "எங்கம்மா சாவ ஆடி மூட்டையோட சேத்துப் பேசாதிய டீச்சர்" என்றார். "சேக்கல முதலாளி. அந்தப் பாவத்த நான் சாகிற வரைக்கும் சுமப்பேன். ஆனா தெரியாதவன்னு சொன்னாரே, அத ஒரு நாளும் சுமக்க மாட்டேன். தெரிஞ்சவ, தப்பு பண்ணிட்டா. அப்படிச் சொல்லுங்க, கேட்டுக்கிறேன்." மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு, "மாப்பிள்ள, எந்திரிங்க" என்றார். அடுத்த மாதமே கம்ப்யூட்டருக்கென்று தனி லைன் இழுத்தார். நான் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலி என்னுடையது. அந்தச் சின்னப் பெட்டியை அதற்குப் பிறகு ஒரு நாளும் படிக்காமல் அழுத்தியதில்லை. அங்கே தப்பு நடக்கும் என்று என்னைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கடையில் யாரும் இல்லை.

உனக்கு இது எங்கே உறுத்த வேண்டும் என்று நானே சொல்லிவிடுகிறேன். இந்த முறை லீவில் வந்த முதல் வாரம், கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே சிரித்துச் சிரித்துச் சொன்னாயே, உன் கம்பெனியில் ஆட்களைச் சோதிப்பதற்காக அவர்களே ஒரு போலி ஈமெயில் அனுப்பினார்கள், நீயும் அதைச் சொடுக்கிவிட்டாய், ஒரு மணி நேர வகுப்பில் உட்கார வைத்தார்கள் என்று. மென்பொருளில் பதினைந்து வருடமாக இருக்கிற நீ! உன் லேப்டாப்பை யாராவது பிடுங்கினார்களா? ஐந்து படம் மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பூட்டினார்களா? உன்னுடையது மறதி, ரூபன். என்னுடையது தெரியாத்தனம். தி.நகர் மாடியில் நான் கேட்ட அதே தீர்ப்பை என் சொந்த மேசையில், என் சொந்த மகன் வாயால் கேட்டேன். நீ விமானம் ஏறப்போகிறாய் என்பதால் மட்டும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு உனக்கு மீன் ஊறுகாயைக் கட்டிக் கொடுத்தேன்.

நான் ஒன்றும் புனிதை இல்லை. இந்த வியாதி உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நீ கல்லூரிக்குப் போனபோது வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினோம். அப்பாவும் ஓய்வு பெற்றிருந்தார். மலேசியாவில் இருந்த பழைய மாணவர் ஒருவருக்கு ஈமெயில் எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பார். நான் பின்னால் நிற்பேன், எனக்குத் தாங்காது. "நகருங்க. உங்களுக்கு வராது. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்" என்று மவுசைப் பிடுங்கிவிடுவேன். அவர் சொல்வார், நான் அடிப்பேன், நீளமாகப் போனால் நானே வெட்டிவிடுவேன், இதெல்லாம் எதற்கு அவருக்கு என்று. அவரும் கொஞ்ச நாளில் சொல்வதை நிறுத்திவிட்டார். எனக்கு வேலை குறைந்தது என்று நிம்மதியாக இருந்தேன். நிம்மதி! தமிழ் சொல்லிக்கொடுத்தே வாழ்ந்த மனுஷன், கடைசிப் பத்து வருடம் ஒருவருக்கும் ஒரு கடிதம் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். அந்த மாணவரிடம் என்ன சொல்ல நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. அவரை யாரும் தடுக்கவில்லை, அன்பாகத்தான் நகர்த்தினேன். அன்பாக நகர்த்தினால் ஆள் எவ்வளவு சத்தமில்லாமல் நகர்ந்துவிடுவார் என்று அருகில் இருந்து பார்த்தவள் நான். அவர் நல்லவர், நகர்ந்துகொண்டார். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

அதனால்தான் வியாழக்கிழமை சைதாப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். மயிலாப்பூரிலேயே கடை இருக்கிறது, ஆனால் அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும், உனக்குச் செய்தி போய்விடும். கோர்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். கல்லாவில் இருந்த பெண், "இன்னா ஆன்ட்டி, பட்டாவா, வில்லங்கமா?" என்றாள். "என் அக்கவுண்ட் திறக்கணும்மா" என்றேன். "பாஸ்வேர்டு மறந்துட்டியா?" "நான் மறக்கல. என் பையன் மாத்திட்டான்." "ஐய, பெத்த புள்ளயேவா?" என்று வாயில் கை வைத்தவள், உடனே சிரித்துவிட்டாள். "எங்கம்மா போனையும் நாந்தான் லாக் பண்ணி வச்சிகீறேன் ஆன்ட்டி. கண்டத அமுக்கிக்கினே கீது." "வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாத் திறந்து விடு" என்றேன். "நீ குந்து, நான் பண்ணித் தரேன்" என்று பக்கத்தில் வந்தாள். வேண்டாம் என்றேன். உதவிப் பக்கத்தைத் திறந்து, முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். என் எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்புவதாகச் சொன்னது. குறுஞ்செய்தியை நீ எனக்கு விட்டுவைத்திருந்தாய், நன்றி. குறியீடு வந்தது, புதிய கடவுச்சொல் வைத்தேன். உன் பூட்டுச் செயலியை நீ என் ஈமெயிலில்தான் பதிவு செய்திருந்தாய், அதன் ரகசிய எண்ணை மாற்றும் வழியும் என் ஈமெயிலுக்கே வந்தது. ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆனது. இரண்டு இடத்தில் தப்பு செய்தேன், இரண்டையும் நானே சரி செய்தேன். கடைசியாக, என் கணக்கை மீட்க உதவும் எண் என்று நீ கொடுத்திருந்த உன் எண்ணை நீக்கினேன். அதற்கும் உனக்கு ஓர் எச்சரிக்கை வந்திருக்கும். அதுவும் நான்தான்.

பிரவுசரில் அப்படி என்னதான் பார்க்கப் போகிறாய் என்று நீ கேட்டாய். சொல்லமாட்டேன். நல்ல விஷயம்தான், சொன்னால் நீயே பாராட்டுவாய். ஆனாலும் சொல்லமாட்டேன். நீ உன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்த வயதில் நான் கதவைத் தட்டாமல் உள்ளே வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை நீ அனுப்பிய குரலை இரண்டு முறை கேட்டேன். "அம்மா, இது விளையாட்டு இல்ல. தினம் எத்தனை பேர் ஏமாறாங்க தெரியுமா? என்னால இங்க நிம்மதியா வேலை பார்க்க முடியல. ப்ளீஸ், மறுபடி செட் பண்ண விடு. இல்லன்னா வீட்டு வைஃபை என் பேர்லதான் இருக்கு, இங்கிருந்தே கட் பண்ணிடுவேன். சீரியஸா சொல்றேன்." நீ பயப்படுகிறாய் என்பது அந்தக் குரலில் தெரிந்தது. உன் பயம் பொய் இல்லை. ஆனால் அது உன்னுடைய பயம், அதற்கு நீதான் வைத்தியம் பார்க்க வேண்டும், என் கையைக் கட்டிப் போட்டு அல்ல. நான் மறுபடியும் ஏமாறலாம். ஏமாந்தால் உன்னிடம் வந்து சொல்வேன், போன முறை சொன்ன மாதிரியே. நீ பூட்டினால் சொல்லமாட்டேன். எது உனக்கு ஆபத்து என்று யோசித்துப் பார்.

யோசிக்க உனக்கு நேரம் கொடுத்துவிட்டு நான் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கே வேறொரு இண்டர்நெட் கம்பெனிக்கு நானே விண்ணப்பம் போட்டேன். இன்று காலை கம்பி இழுக்க ஒருவர் வந்தார். தோளில் கம்பிச் சுருளோடு வாசலில் நின்று, "சார் இல்லீங்களா மேடம்?" என்றார். "சார் இல்ல. போய் நாலு வருஷமாச்சு." "ஐயோ, சாரி மேடம். வேற யார்னா கீறாங்களா? பையன், பொண்ணு? கனெக்சன் யார் பேர்ல?" "என் பேர்ல." "ஓடிபி யாருக்கு வரும்?" "எனக்குத்தான் வரும்." "எப்டி யூஸ் பண்றதுன்னு யார்கிட்ட சொல்லட்டும்?" "சொல்ல வேண்டாம்ப்பா. துளை போடற இடத்துல மட்டும் சுவத்துப் பூச்சு உதிராமப் பாத்துக்கோ." அவர் சிரித்துக்கொண்டே வேலையைப் பார்த்தார். முடித்துவிட்டு, "ஒரு தபா இன்னாவாச்சும் ஓப்பன் பண்ணிப் பாருங்க மேடம், ஸ்பீடு வருதான்னு" என்று என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். நீ கிளம்புப்பா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் திறந்தேன்.

ஆகவே ரூபன், நீ உன் பெயரில் இருக்கும் இணைப்பைத் தாராளமாகத் துண்டித்துக்கொள். வைஃபை பெட்டியைக் கழற்றி, தூசி துடைத்து, கம்பியைச் சுற்றிக் கூடத்து மேசையில் வைத்திருக்கிறேன். எடுக்க ஆள் வந்தால் கொடுத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பத்தரைக்கு வீட்டில் இருப்பேன். கூப்பிடு, எடுப்பேன். சாப்பிட்டாயா என்று கேள், முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேள், என்னோடு சண்டை போட வேண்டுமென்றால் அதையும் போடு. கடவுச்சொல்லை மட்டும் கேட்காதே.

இந்தக் கடிதம் என் இணைப்பில்தான் வருகிறது.

அம்மா